அக்டோபர் வெயில்

செப்டம்பர் 19

கிளாட்வின் என்னையும் தன் அம்மாவையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறி ஒரு வாரம் ஆகிறது. இன்றுதான் கேமரா வேலை முடிந்தது. பழைய மடிக்கணினியைப் புத்தக அலமாரியின் மேல் தட்டில் ஏற்றி, கேமராவை அதன் தலையிலேயே மாட்டிவிட்டேன். கூடம் முழுக்கத் தெரிகிறது. கிழக்கு ஜன்னல், சாப்பாட்டு மேசை, மாமியின் பிரம்பு நாற்காலி, வடக்குச் சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம், அதன் கீழே நாட்காட்டி. நான் எழுதிய ஸ்கிரிப்ட் கால் மணிக்கு ஒரு தடவை தானாகவே ஒரு படம் எடுக்கும். அதைச் சின்னதாகச் சுருக்கி, மூலையில் தேதியையும் நேரத்தையும் பதித்து, வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வரில் ஏற்றிவிடும். பிரதி ஒன்று இங்கேயும் ஒரு கோப்புறையில் சேரும். அவர் கப்பலில் அந்த ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும், வீடு தெரியும்.

அவருடைய கப்பல் கிழடு. வீடியோவெல்லாம் வராது. மின்னஞ்சல் போகும் வரும், குட்டிப் படம் ஒன்று இறங்கும். போன் கேப்டன் அறையில் இருக்கிறது, ஆனால் அதை அவசரத்துக்குத்தான் தொடலாம்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷக்கணக்காகக் கணினி அறிவியல் எடுக்கிறேன். எனக்கென்று எழுதிய முதல் நிரல் இதுதான். மாமியிடம் பெருமையாகக் காட்டினேன். "எல்லாஞ் சரி, சோறு வடிக்கதுக்கு ஒண்ணு எழுதேன் பாப்போம்" என்றார்கள்.

செப்டம்பர் 22

அவரிடமிருந்து மெயில். "இன்னைக்கு உன் தலை மட்டும் வந்தது. கழுத்துக்குக் கீழே ஒரே சாம்பல். பயந்துட்டேன்."

படம் ஏறிக்கொண்டிருக்கும்போதே திறந்திருக்கிறார். பாதி ஏறிய படம் அப்படித்தான் இருக்கும். சாயங்காலம் உட்கார்ந்து சரிசெய்தேன். இனி படம் வேறொரு பெயரில் முழுதாக ஏறி முடிந்தபிறகுதான் பெயர் மாறும். பெண்டாட்டி முழுசாகத் தெரிவதற்கு இவ்வளவு பாடு.

செப்டம்பர் 28

அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்ப்பதில்லை. நானே செய்துகொண்ட ஏற்பாடுதான், யாரைக் குறை சொல்ல. கால் மணி நெருங்கினால் கை தானாக முடியை ஒதுக்குகிறது. இட்லிப் பானையைத் திறக்கும்போதுகூட முகம் அலமாரிப் பக்கம் திரும்பிவிடுகிறது.

மாமி என்னைவிட மோசம். ஜெபமாலை சொல்வதற்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். "மாதா பாக்காவளோ இல்லியோ, எம் மவன் பாக்கான்லா."

அக்டோபர் 4

மெயில். "காலை எட்டே கால் படத்தில் வெயில் மேசைக் காலைத் தொட்டுக்கொண்டு நின்றது. வீட்டு வாசனையே வந்துவிட்டது."

நான் அன்றைக்குப் புதுப் பச்சைச் சேலை. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டாம் ஆபீசருக்கு வாழ்க்கைப்பட்டால் இப்படித்தான். வானத்தைப் பார்த்து வழி குறிப்பது அவர் வேலை. வீட்டுக்குள் வந்தாலும் பெண்டாட்டியைப் பார்க்குமுன் வெயிலைப் பார்ப்பார்.

அக்டோபர் 15

இரண்டு கோடு.

குளியலறையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு வயதில், எல்லாரும் கேட்பதை நிறுத்திய பிறகு. வெளியே வந்ததும் முதலில் செய்தது, கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றதுதான். என் முகத்தில் எல்லாம் எழுதியிருக்கும், அவர் படித்துவிடுவார்.

அவருக்குச் சொல்லப்போவதில்லை, இப்போதைக்கு. மூன்று வருஷத்துக்கு முன்பு இரண்டாம் மாதமே சொன்னேன். கப்பல் முழுக்கச் சொல்லி, சமையல்காரரிடம் கேக் செய்யச்சொல்லி வெட்டினார். பத்தே நாளில், கப்பல் கரை தொட்டதும், அதே ஆட்களிடம் போய், இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது. இந்தத் தடவை மூன்று மாதம் தாண்டட்டும்.

மாமியிடம் மட்டும் சொன்னேன். எழுந்துபோய்த் திருஇருதயப் படத்தின் முன்னால் நின்றார்கள். பிறகு என்னிடம் வந்து, "இனி நீ குடத்தத் தூக்கப்படாது" என்றார்கள். எங்கள் வீட்டில் குழாய் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

அக்டோபர் 29

பிரேசிலில் இரும்புத் தாது ஏற்றி முடித்துக் கிளம்பிவிட்டார்கள். அடுத்த கரை சீனா. டிசம்பர் முதல் வாரம் ஆகிவிடுமாம். நடுவில் எங்கும் நிற்காது. அங்கே போய்ச் சேர்ந்ததும் போனில் சொல்லிவிடலாம். அதற்குள் மூன்று மாதமும் தாண்டியிருக்கும். கணக்கு எவ்வளவு அழகாக வருகிறது.

நவம்பர் 9

வாந்தி. கேமரா எப்போது எடுக்கும் என்று பார்த்துப் புழக்கடைக்கு ஓடுகிறேன். கடியாரம் பார்த்து வாந்தி எடுப்பவள் இந்தத் தூத்துக்குடியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கூடத்துக்குத் திரும்பி வந்து நல்ல பிள்ளையாக மேசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

"இந்தக் கண்ணாமூச்சி எதுக்குட்டி, சொல்லித் தொலையேன் அவன்ட்ட" என்கிறார்கள் மாமி. சீனா வரட்டும் என்றேன்.

நவம்பர் 20

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன்.

காலையில் ரத்தம் பட்டது. டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, உடனே சேரவேண்டும், அசையாமல் படுக்கவேண்டும் என்றார். துணிமணி எடுக்க ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். மாமி பையில் துணி அடுக்கும்போது நான் நாற்காலியில் ஏறி மடிக்கணினியை இறக்கினேன்.

கூடம் காலியாகக் கிடந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் கேமராவிடம் படம் கேட்கும் வரியை எடுத்துவிட்டு, கோப்புறையில் இருக்கும் அக்டோபர் முதல் இரண்டு வாரப் படங்களில் அதே நேரத்துப் படமாக ஒன்றை எடுக்கும்படி மாற்றினேன். அதன் மூலையில் இன்றைய தேதி பதிந்துவிடும். நாட்காட்டியின் எண் படத்தில் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன், தெரியவில்லை. எதையும் விட்டுவிடவில்லை.

"ஏட்டி, உசுரு போற நேரத்துல என்னத்தட்டி தட்டிட்டு இருக்க?" என்று மாமி சத்தம் போட்டார்கள். சொன்னேன். கையிலிருந்த சேலையைப் பையில் வைத்தார்கள். பிறகு, "அதுவும் சரிதான். கடல்ல கெடக்கவனுக்குக் கெட்ட சேதி போவப்படாது" என்றார்கள்.

கப்பல்காரர் வீடுகளில் இது சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த சட்டம். கெட்ட செய்தி கரையில்தான். அவருடைய அப்பா, எங்கள் மாமா, இறந்தபோதும் அப்படித்தான் செய்தோம். கிளாட்வின் அப்போது அட்லாண்டிக்கில் இருந்தார். அடக்கம் முடிந்த பிறகும், "மாமாவுக்குக் காய்ச்சல் குறைந்திருக்கிறது, கஞ்சி குடித்தார்கள்" என்று நான்தான் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தேன். கப்பல் தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்த அன்று சொன்னோம். அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கப்பல்காரர், அவருக்கும் சட்டம் தெரியும்.

நவம்பர் 21

அசையாமல் படுத்திருக்கிறேன். போனில் எங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கூடத்தில் நான் பச்சைச் சேலையில் நின்று மாமியிடம் என்னவோ சொல்லிச் சிரிக்கிறேன். மூலையில் இன்றைய தேதி.

அவரிடமிருந்து ஒரு வரி. "எட்டே கால் படம் பார்த்தேன். சுகமா?" சுகம் என்று அனுப்பினேன்.

நவம்பர் 23

இன்று விடியற்காலையில் போய்விட்டது.

நவம்பர் 25

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமி கருப்பட்டியும் பூண்டும் போட்டு என்னவோ காய்ச்சிக் கொடுத்தார்கள். குடித்தேன். என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்கள், பேச்சு ஒன்றும் இல்லை. அவர்கள் பேசாமல் இருப்பது வீட்டுக்கே பழக்கமில்லை.

அவரிடமிருந்து நீளமாக ஒரு மெயில். கலியாணமான நாளிலிருந்து இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. பறக்கும் மீன்கள் தளத்தில் வந்து விழுவது, சமையல்காரர் பிரியாணி என்று ஒன்றைச் செய்தது, இரவு தன் காவல் முறையில் தனியாக நிற்கும்போது என்னென்ன நினைப்பு வருகிறது என்று எல்லாம். கடைசியில் ஒரு கேள்வி. "மணப்பாட்டில் ஒருநாள் மழையில் மாட்டிக்கொண்டோமே, அன்றைக்கு ஒதுங்கின இடத்தில் என்ன வாங்கித் தின்றோம், ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறது. அவித்த பனங்கிழங்கு. ஆனால் அதை உட்கார்ந்து எழுதத் தெம்பில்லை. "இதெல்லாம் இப்ப எதுக்கு? நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஸ்கிரிப்டை இன்னும் மாற்றவில்லை. கண் வீங்கியிருக்கிறது. இரண்டு நாள் போகட்டும்.

நவம்பர் 28

இன்னொரு நீள மெயில். மறுபடியும் ஒரு கேள்வி. "யாரும் இல்லாதபோது நான் உன்னை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவேனே, அதை எழுது." என்ன விளையாட்டு இது, சின்னப் பிள்ளை மாதிரி. ஒரு வார்த்தைகூட என் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார், தினமும் சிரித்துக்கொண்டு நிற்கிறேனே. ஆனாலும் கோபம் வந்தது. பதில் போடவில்லை.

ஸ்கிரிப்ட் அப்படியே இருக்கிறது. மாற்ற வேண்டியது ஒரே வரிதான். நேரம் அமையவில்லை.

நவம்பர் 30

பள்ளிக்கு இன்னும் ஒரு வாரம் விடுப்பு. வேலை ஒன்றும் இல்லை. கால் மணிக்கு ஒரு தடவை போனில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன்.

அக்டோபரில் இருக்கும் அவள் மேசையில் காய் நறுக்குகிறாள். சேலை முந்தானையைச் செருகியிருக்கிறாள். மாமியைப் பார்த்து வாயைக் கோணுகிறாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது, இரண்டு கோடுகூடத் தெரியாது. ஒரு படத்தில் இடது கையை வயிற்றில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், பசியாகத்தான் இருந்திருக்கும். அந்தப் படம் நான்கே கால் மணிக்கு வரும். அதற்காகக் காத்திருக்கிறேன்.

"அந்தப் போன்ல அப்பிடி என்னத்தட்டி பாக்க?" என்று மாமி கேட்டார்கள். சர்வர் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னேன்.

டிசம்பர் 3

மெயில் நின்றுவிட்டது. என் வெறும் பதில்களில் மனம் சலித்திருக்கலாம். எனக்கும் எழுத ஒன்றும் இல்லை.

வெளியே விடாத மழை. அவர் இப்போது இந்தக் கூடத்தில் இருக்கவேண்டும் போல இருக்கிறது. ஒன்றும் பேசவேண்டாம். ஈரச் செருப்போடு உள்ளே வந்து மாமியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்தால் போதும். உடம்பில் எது வலிக்கிறதென்று தெரியாமல் எல்லாம் வலிக்கிறது. அவர் பார்த்துக்கொண்டிருப்பது என்னை இல்லை. அந்த அக்டோபர்க்காரியைத்தான் தினமும் பார்க்கிறார், நான் இங்கே கட்டிலில் கிடக்கிறேன்.

டிசம்பர் 7

இன்று மதியம் போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு எண். சீனாவில் கரை தொட்டுவிட்டார்கள் என்று புரிந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று நேற்றே யோசித்து வைத்திருந்தேன். எடுத்து, ஹலோ என்றேன்.

எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை.

"ஹலோ, என்னங்க, கேக்குதா?"

"யாரு பேசுதது?"

குரல் அவருடையதாகவே இல்லை. "நான்தாங்க" என்றேன்.

"நான்தான்னா யாரு?"

"எமல்டா. என்னாச்சு உங்களுக்கு?"

பிறகு கேட்டது, அவர் அழுவது. அப்பா இறந்ததற்கே அப்படி அழாத மனிதர். பக்கத்தில் யாரோ என்னவோ கேட்க, "ஒய்ஃப், ஒய்ஃப்" என்றார். அழுகை நிற்கவில்லை. நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமி அடுக்களையிலிருந்து வந்து என் முகத்தையே பார்த்தார்கள்.

"உன் படத்துல வெயிலு மேசைக் கால்லயே கெடக்கு" என்றார். "நவம்பர் முடியப் போவுது, அப்பவும் அங்கனயே கெடக்கு. சூரியன் எப்பவோ தெக்க போயிட்டு எமல்டா. எட்டே கால் வெயிலு வடக்குச் சுவரு ஓரத்துக்கு வந்திருக்கணும். தெனமும் சூரியனப் பாத்து வழி குறிக்கிறவன் நான். மொத நாளே தெரிஞ்சுட்டு, அது அக்டோபர் வெயிலுன்னு."

"அப்பவே கேக்க வேண்டியதுதானங்க?"

"என்னத்தக் கேக்க? அப்பாக்கும் இப்பிடித்தான செஞ்சீங்க. கஞ்சி குடிச்சாவ, காச்சல் கொறஞ்சிருக்குன்னு. இப்ப நீ போயிட்ட, அம்மா யாரையாவது வச்சு மெயில் போடுதாவன்னு நெனச்சேன். அதான் உனக்கு மட்டும் தெரிஞ்சதாக் கேட்டுப் பாத்தேன். மணப்பாடு கேட்டேன். பேரக் கேட்டேன். நீ ஒண்ணுக்கும் சொல்லல."

"போன் பண்ணியிருக்கலாம்லா" என்றேன்.

"கேப்டன் ரெண்டு தடவ கூப்பிட்டுச் சொன்னாரு, பேசிருன்னு. நான்தான் மாட்டேன்னுட்டேன். பேசாத வரைக்கும் நீ இருக்கேல்லா."

பிறகு அவர், "இப்ப ஒரு படம் ஏத்து. இப்ப உள்ளது" என்றார்.

நாற்காலியில் ஏறி மடிக்கணினியை இறக்கினேன். மேசையில் வைத்து, எடுத்திருந்த வரியைத் திரும்பப் போட்டு ஓடவிட்டேன். மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். தலை வாரவில்லை, பழைய நைட்டி. மாமி முந்தானையால் என் முகத்தைத் துடைக்க வந்தார்கள். வேண்டாம் என்றேன். படம் ஏறியது.

"வந்துட்டு" என்றார். அப்புறம் நீண்ட நேரம் பார்த்திருப்பார் போல. "இப்பிடி மெலிஞ்சிருக்க. உனக்கு என்னட்டி ஆச்சு?"

சொன்னேன். யோசித்து வைத்திருந்தபடி இல்லை, வந்தபடி. மூன்று மாதம் என்றேன். சீனா வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன் என்றேன். நம்ம பிள்ளை போயிட்டுங்க என்றேன்.

நான் உயிரோடு இருப்பதே அவருக்கு அப்போது போதும் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தமும் இருந்தது. இல்லாமல் போனதற்கு அழ நான் ஒருத்திதான் என்று தோன்றியது. வந்ததே தெரியாத ஒன்றுக்கு அவர் எப்படி அழுவார்.

அப்போது அவர் மெல்லக் கேட்டார்.

"எமல்டா, அந்த அக்டோபர் படம். அப்ப இருந்துச்சா?"

"இருந்துச்சு. எனக்கே அப்ப தெரியாது."

"அப்ப அந்தப் படத்துலெல்லாம் நீங்க ரெண்டு பேரு."

"ஆமா."

"நான் அதத் தெறக்கவே பயந்துகிட்டு இருந்தேன்" என்றார். "செத்தவ படம்னுல்லா நெனச்சேன். சரியாக்கூடப் பாக்கல எமல்டா. எல்லாத்தையும் ஏத்து. ஒண்ணு விடாம."

"அதுல ஒண்ணும் தெரியாதுங்க. நான் காய் நறுக்குதேன், மாமி உக்காந்திருக்காவ. அவ்வளவுதான்."

"தெரியாட்டாலும் பரவால்ல. நான் பாக்கணும்."

கோப்புறையைத் திறந்தேன். அக்டோபர் ஒன்றாம் தேதியிலிருந்து ஆரம்பித்தேன். ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்றிவிடும், ஆனாலும் நான் ஒவ்வொன்றாகத்தான் அனுப்பினேன். மாமி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு படமும் ஏறி முடிந்ததும், அங்கிருந்து அவர் மெதுவாக, "வந்துட்டு" என்றார். நான் அடுத்ததை அனுப்பினேன்.